யூடியூப் திறக்காத கரை

எங்கள் பங்குக்கு இணையதளம் வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் ஊரில் இருந்தவர்கள் இல்லை. பஹ்ரைனிலும் தம்மாமிலும் கூலிக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் கேட்டார்கள். கோட்டாறு மறைமாவட்டக் கடற்கரையில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத ஊரைக் காண்பது அரிது. திருவிழாவுக்கு வர முடியாதவர்களுக்குக் கொடி ஏறுகிற படமாவது வேண்டியிருந்தது. பஹ்ரைனில் இருந்தவர்களுக்காவது மனாமாவில் 1939 முதல் ஒரு திருஇருதய ஆலயம் உண்டு. சவூதிக் கரையில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

2009இல் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், இதை நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார். நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு எடுத்தேன். அந்த வகுப்பினால்தான் ஊரில் எல்லாருக்கும் டீச்சர்.

முதல் வேலையே எழுத்துருவோடு மல்லுக்கட்டுவதாக அமைந்தது. திருவிழா அழைப்பிதழ், நவநாள் தாள், ஜெபப்புத்தகம் என்று எங்கள் கையில் இருந்ததெல்லாம் பாமினியில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இயேசுவின் பெயர்கூட ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி, இடம் மாறிப்போன கொம்பையும் காலையும் சரிபார்த்து ஏற்றினேன்.

பங்குப் பேரவையில் ஒரு பெரியவர், கோயிலுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்டார். பணம் செலவாகிறதே என்ற கவலைதான் அவருக்கு. ஃபாதர் பொறுமையாகப் பதில் சொன்னார். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம்தான் தமிழ் எழுத்தில் அச்சேறிய நமக்குத் தெரிந்த முதல் புத்தகங்களில் ஒன்று. அதை அண்ட்ரிக் அடிகளார் உருவாக்கியது இந்தக் கடற்கரை மக்களுக்காகத்தான். எட்டு ஆண்டு கழித்து அடியார் வரலாறு புன்னைக்காயலில் அச்சானது. அச்சு இயந்திரம் வந்தபோது நம் முன்னோர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை என்றார். கூடவே, 1995 கிறிஸ்துமஸ் நாளில் வத்திக்கானே இணையதளம் தொடங்கிவிட்டது, அதைக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர் ஜூடித் சோபலைன் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரி, அங்குள்ள கணினிகளுக்கு மிக்கேல், கபிரியேல், ரபேல் என்று அதிதூதர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். பெரியவருக்கு மிக்கேல் சம்மனசின் பெயர் பிடித்துப்போனது. தீர்மானம் நிறைவேறியது.

இணையதளத்தில் நான் மெனக்கெட்டு எழுதிய பங்கு வரலாற்றை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. எல்லாரும் பயன்படுத்தியது கடைசியில் இருந்த தொடர்பு முகவரியைத்தான். திருமுழுக்குச் சான்று கேட்டு எழுதினார்கள். அம்மாவின் நினைவு நாளுக்குப் பூசைக் கருத்து கேட்டார்கள். "இங்கே ஒரு மாசமா மழை, மனசு சரியில்லை, எனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று ஒருவர் எழுதினார். நான் அந்தக் கடிதங்களை அச்செடுத்துக் கோயில்பிள்ளையிடம் கொடுப்பேன். ஃபாதர் காலைப் பூசையில் பெயர் சொல்லி வேண்டுவார். எந்த நாளில் வேண்டினோம் என்று அன்றே பதில் எழுதிவிட வேண்டும் என்பது அவர் எனக்கு இட்ட ஒரே கட்டளை.

இது எனக்குப் புதிதில்லை. அப்பா ரேடியோ வெரித்தாஸ் நேயர். பிலிப்பைன்ஸிலிருந்து சிற்றலையில் வரும் தமிழ் ஒலிபரப்புக்காக ஆன்டெனா கம்பியை வாசல் முருங்கையில் கட்டி வைத்திருந்தார். அவர் எழுதிய கடிதத்தை அங்கே ஒரு குரல் ஊர்ப் பெயரோடு வாசித்த நாளில் எங்கள் வீட்டில் விருந்து சமைத்தது நினைவிருக்கிறது. 2018 ஜூன் 30 அன்று அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்று எல்லாம் இணையத்துக்குப் போனது. அப்பா அதைக் காண உயிரோடு இல்லை. இருந்திருந்தால் புதிய முகவரியை என்னிடம் கேட்டு வாங்கி, மறுபடியும் கடிதம்தான் எழுதியிருப்பார்.

2017 நவம்பர் 29 இரவு தொடங்கி மறுநாள் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட ஒக்கிப் புயல், இந்த வேலையின் இன்னொரு முகத்தைக் காட்டியது. யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்ற முழுக் கணக்கு எந்த ஒரு காகிதத்திலும் இல்லை. மேற்குக் கரைக்காரர்கள் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் நான்கு துறைமுகங்களின் படகுகளில் பிரிந்து கிடந்தார்கள். கரண்ட் கிடையாது. பங்குத்தந்தையின் வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது. முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நானும் இளைஞர் இயக்கப் பிள்ளைகளும் பட்டியல் எழுதினோம்: படகின் பெயர், பதிவு எண், எந்தத் துறையிலிருந்து என்றைக்குப் போனது, யார் யார் ஏறினார்கள், கடைசியாகப் பேசியது எப்போது. பக்கத்து ஊர்ப் பங்குகளிலும் அதேபோல் எழுதினார்கள். பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் ஒன்றோடொன்று சேர்ந்தன.

லட்சத்தீவில் ஒதுங்கிய படகுகள், கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் கரைசேர்ந்த படகுகள் என்று செய்தி வரத் தொடங்கியது. அதோடு பொய்யும் வந்தது. எந்தக் கடலோ எந்த வருடமோ தெரியாத படங்களும், பெயர் சொல்லாத குரல்பதிவுகளும் ஃபோனுக்கு ஃபோன் தாவின. ஒரு பெண்ணிடம், உன் புருஷன் படகு கிடைத்துவிட்டது என்று யாரோ காட்டிவிட்டார்கள். அது வேறு படகு. அன்று மாலை ஃபாதர் ஒரு விதி வைத்தார். குரல் கேட்காமல் 'கிடைத்தார்' என்று எழுதக் கூடாது. படகு கரையேறியது என்றால், அந்தத் துறையில் ஒருவரைப் பிடித்து, ஃபோனை அந்த மனிதரின் கையில் கொடுக்கச் சொல்லி, வீட்டுக்காரியை இங்கே பேச வைத்த பிறகுதான் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே குறி இடுவோம். "குரல் கேட்டாச்சா?" என்பதுதான் அந்த நாள்களில் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்ட கேள்வி. குறி விழாமலே நின்றுபோன பெயர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த நோட்டு பங்கு அலுவலகப் பீரோவில் இருக்கிறது.

அடுத்த ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தி பொய்ச் செய்திகளைப் பற்றியது. அதை மறைக்கல்விப் பிள்ளைகளோடு வாசித்தபோது விளக்கம் சொல்ல எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அவர்கள் வீடுகளிலேயே நடந்திருந்தது.

வாட்ஸ்அப் குழுவில் அப்போது 256 பேருக்கு மேல் சேர முடியாது. எங்கள் பங்கோ பெரியது. அதனால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்களான அன்பியங்களின்படி வாட்ஸ்அப் குழுக்களைப் பிரித்தோம். வரம்பு தளர்ந்த பிறகும் நாங்கள் ஒன்றாக்கவில்லை. முப்பது நாற்பது வீட்டுக் குழுவில் யார் எழுதினாலும் யார் என்று தெரியும். "மாமிக்கு சுகர் கூடிப்போச்சு" என்று ஒருவர் போட்டால் பக்கத்து வீட்டுக்காரி எழுந்து போய்ப் பார்ப்பாள். ஆயிரம் பேர் குழுவில் அது வெறும் செய்தி. அத்தனை பேரும் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

பிறகு 2020 வந்தது. மார்ச் 25 முதல் ஊரடங்கு. குருத்து ஞாயிறு ஏப்ரல் 5. இந்தக் கடற்கரையில் பெரிய வாரத்தில் கோயில் பூட்டிக் கிடந்ததை எங்கள் பாட்டிமார்கூடக் கண்டதில்லை. மார்ச் 27 மாலை, மழையில் நனைந்து கிடந்த புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை ஆளில்லாமல் நின்று செபித்ததை வீட்டுக்கு வீடு ஃபோனில் பார்த்தோம். பெரிய வாரச் சடங்குகளை மக்கள் இல்லாமல் நடத்துவது பற்றி ரோமையிலிருந்து வந்த ஆணையில் ஒரு குறிப்பு இருந்தது: ஒளிபரப்புவதானால் நேரலையாக இருப்பது நல்லது, முன்பே பதிவு செய்ததாக வேண்டாம். அதன் பொருள் எங்களுக்கு உடனே புரிந்தது. குரு நிற்கிற அதே நேரத்தில் மக்களும் வீட்டில் நிற்க வேண்டும்.

ஆனால் ஆயிரம் சந்தாதாரர் இல்லாத சேனலுக்குக் கைபேசியிலிருந்து நேரலை செய்ய யூடியூப் அப்போது விடவில்லை. எங்களுக்கு இருந்தவர்கள் சொற்பம். பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன், மடிக்கணினியில் ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருளை வைத்து அதைக் கடந்தான். கோயில் ஒலிபெருக்கியின் மிக்சரிலிருந்து ஒரு வயரை நேரே கணினிக்கு இழுத்தான். படம் சுமாராக இருந்தாலும் குரல் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஃபாதர் பிடிவாதமாக இருந்தார். கிழவர்களும் கிழவிகளும் பூசையைக் காதால்தான் பின்தொடர்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. மணி வழக்கமான நேரத்துக்கு அடித்தது. முக்காடு போட்டுக்கொண்டு வீடுகளில் உட்கார்ந்தார்கள். பூசை தொடங்குமுன் ஒரு அன்பியத்தின் குடும்பப் பெயர்களை ஃபாதர் வாசிப்பார். ஒரு நாளைக்கு ஒரு அன்பியம்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்த கொஞ்ச நேரத்தில் ஈரானிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. எங்கள் மாவட்டத்து மீனவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே மாட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை நின்றுவிட்டது, விமானம் இல்லை, படகிலேயே குடியிருந்தார்கள். "அக்கா, இங்க யூடியூப் திறக்காது. ஃபேஸ்புக்கும் அடச்சு வச்சிருக்கானுவ. வாட்ஸ்அப்பு மட்டும் கிடைக்குது. பூசைய அதுல அனுப்ப முடியுமா?"

ஊரே பார்த்த நேரலையை, யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்களால் பார்க்க முடியவில்லை. அன்று மாலையே வேலையை மாற்றினோம். முழுப் பூசையை அனுப்ப அவர்களுடைய இணைப்பு தாங்காது. நற்செய்தி வாசகம், மறையுரை, மன்றாட்டு, இறுதி ஆசீர் இவற்றைத் தனித்தனிச் சிறு ஒலிக்கோப்புகளாக வெட்டி, முடிந்தவரை சுருக்கி, ஒவ்வொன்றாக அனுப்பினேன். மறையுரையைச் சுருக்கமாக வைத்துக்கொள்ள ஃபாதர் சம்மதித்தார். புனித வியாழனில் பாதம் கழுவும் சடங்கு அந்த வருடம் கிடையாது. அது ஏன் இல்லை என்பதை அவர்களுக்கென்று தனியாகப் பேசி அனுப்பினார்.

பெரிய வெள்ளிக்கு இன்னொன்று கேட்டார்கள். எங்கள் ஊரில் தபசு காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கிற வழக்கம் உண்டு. கோவாவிலிருந்து வந்து பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் மறைப்பணி செய்த யாக்கோமே கொன்சால்வெஸ் சாமியார் எழுதியது. அதை ராகமிட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் மிச்சம் இரண்டு மூன்று பேர்தான். அவர்களில் மூத்தவர் வீட்டு வாசலில் தள்ளி நின்று ஃபோனை நீட்டிப் பதிவு செய்தேன். எண்பது வயதைத் தாண்டியவர். மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கினார். மூச்சு வாங்கிய இடங்களை நான் வெட்டவில்லை. ஈரானில் ஒரு படகின் தளத்தில் எல்லாரும் உட்கார்ந்து அதைக் கேட்டதாகச் சொன்னார்கள்.

பதிலுக்கு அவர்களும் அனுப்பினார்கள். இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். படகில் ஜெபமாலை சொன்னதைப் பதிவு செய்து அனுப்பினார்கள். உயிர்ப்பு ஞாயிறு மன்றாட்டுக்கென்று ஒவ்வொருவரும் ஒரு வேண்டுதலைக் குரலாக அனுப்பினார்கள். அவற்றைச் சிஸ்டர் ஒருவர் கேட்டுக் கேட்டு எழுதினார். ஃபாதர் அவற்றைப் பீடத்தில் நின்று பெயரோடு வாசித்தார். மனைவியின் பிரசவத்துக்காக, அடகு வைத்த நகைக்காக, பக்கத்துப் படகில் காய்ச்சலாய்க் கிடந்த ஈரானியருக்காக. ஜெபமாலைப் பதிவைப் பூசைக்கு முன் ஒலிபெருக்கியில் போட்டோம். அதைத் தெருவில் கேட்ட பெண்கள், எந்தக் குரல் எந்த வீட்டுக் குரல் என்று சொன்னார்கள். அதுவரை நாங்கள் அனுப்புகிறவர்களாகவும் அவர்கள் பெறுகிறவர்களாகவும் இருந்தோம். அன்றோடு அது போயிற்று.

2020 ஜூலை 1 அன்று கடற்படையின் ஜலாஷ்வா கப்பல், பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரோடு தூத்துக்குடி வந்து சேர்ந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அதில் இருந்தார்கள். பிறகு மறுபடியும் போனார்கள். பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஈரானில் வாட்ஸ்அப்பையும் அடைத்தார்கள். 2024 டிசம்பரில்தான் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் மனைவிமார் ஃபோன் பேசும்போது ஞாயிறு நற்செய்தியை வாசித்துக் காட்டினார்கள். வாட்ஸ்அப்பும் இல்லாதபோது வேலை இவர்கள் கைக்கு வந்தது. இவர்கள் அதை என்னைவிட நன்றாகச் செய்தார்கள்.

நேரலை வந்ததும் நிறையப் பேருக்கு ஒரு கேள்வி வந்தது. "டீச்சர், ஃபோன்ல பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?" கூடாது. 2002இல் வத்திக்கான் வெளியிட்ட 'திருச்சபையும் இணையமும்' என்ற ஆவணம் இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திரையில் காண்பது நற்கருணையில் உள்ள மெய்யான பிரசன்னத்துக்கு ஈடாகாது என்றும் சொல்கிறது. 2020 ஏப்ரல் 17 காலை மறையுரையில் திருத்தந்தை பிரான்சிஸ், தினமும் நேரலையில் பூசை வைத்துக்கொண்டிருந்தவர், இதையே இன்னும் மனம் பதைக்கச் சொன்னார். மக்கள் இல்லாமல், அருளடையாளங்கள் இல்லாமல் ஆண்டவரோடு உறவு என்பது ஆபத்தானது. இது சுரங்கப் பாதைக்குள் கடந்து போகிற காலம், இதிலேயே தங்கிவிடக் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். நான் அதை முழுமையாக நம்புகிறேன். பூசையைத் திரையில் காட்டத் தெரிந்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, திரையால் கொடுக்க முடியாதது எது என்பதைத்தான்.

கோயில் திறந்த பிறகு பங்குப் பேரவையில் விவாதம் வந்தது. நேரலையை நிறுத்திவிடலாம், இல்லாவிட்டால் கட்டிலில் படுத்துக்கொண்டே பூசை காண்பார்கள் என்றார்கள் சிலர். அது பொய்யான பயமில்லை. மரியாயின் சேனைத் தலைவி எழுந்து, யார் யார் இன்னும் பார்க்கிறார்கள் என்று முதலில் வீடு வீடாகக் கேட்போம் என்றார். போய்க் கேட்டார்கள். திடமாக நடமாடுகிறவர்கள் சிலர் இருந்தார்கள்தான். அவர்களிடம் பேசினார்கள். மிச்சப் பேர் இடுப்பொடிந்தவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு அசைய முடியாத மருமகள்கள். ஊரடங்குக்கு முன்பும் இவர்கள் கோயிலுக்கு வரவில்லை. வரவில்லை என்பதை நாங்கள் கவனித்திருக்கவில்லை. அந்தப் பெயர்கள் அப்படியே மாதத்தின் முதல் வெள்ளிக்கான பட்டியல் ஆயின. ஃபாதரும் நற்கருணைப் பணியாளர்களும் அந்த வீடுகளுக்கு நன்மை கொண்டுபோகிறார்கள். நேரலை அவர்களுக்காக இன்றும் ஓடுகிறது.

அடக்கப் பூசை நேரலைதான் எனக்கு மிகவும் கடினமான வேலை. தாயோ தகப்பனோ இறந்தால், பயணம் செய்து வர முடியாத மகனுக்கு அதைக் காட்டச் சொல்வார்கள். காட்டாமல் இருக்க மனம் வராது. சில ஒழுங்குகள் வைத்திருக்கிறோம். இணைப்பைப் பொதுவில் போடுவதில்லை, குடும்பத்துக்கு மட்டும் கொடுக்கிறோம். கருத்துப் பகுதியை மூடிவிடுகிறோம். அழுகிறவர்கள் முகத்துக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோவதில்லை. ஒளிபரப்பு முடிந்ததும் ஊரில் யாராவது ஒருவர் அந்த மகனை ஃபோனில் கூப்பிட்டுப் பேச வேண்டும். கடைசி ஒழுங்கு மற்ற மூன்றையும்விட முக்கியம். ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து தாயின் அடக்கத்தைப் பார்த்து முடித்தவனை அந்தத் திரையோடு விட்டுவிடக் கூடாது. 2023இல் வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை சமூக ஊடகங்களைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டபோது, நல்ல சமாரியர் கதையை வைத்து அதை எழுதியிருந்தார்கள். வழியில் கிடந்தவனைப் பார்த்தவர்கள் மூன்று பேர், நின்றவர் ஒருவர்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் கார்லோ அக்குதிஸ் வழியாக எளிதாகப் புரிகிறது. 1991இல் பிறந்து 15 வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்த அந்தப் பையன், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் செய்தான். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை லியோ அவனைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் வகுப்பில் கைதட்டினார்கள். அவன் தினமும் பூசைக்குப் போனான் என்பதையும் நான் சேர்த்தே சொல்கிறேன். அவனைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் ஊரிலுள்ள குருசடிகளின் கதைகளைப் பாட்டிமாரிடம் கேட்டுப் பதிவு செய்து வருகிறார்கள். புயலில் உயிர் தப்பியவர் நேர்ந்துகொண்டு கட்டியது, காலரா காலத்தில் கட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது.

இப்போது நாங்கள் செய்துகொண்டிருப்பது துறைமுகப் பட்டியல். கொச்சியில் தங்கியிருந்த ஒரு படகுத் தொழிலாளி பாவசங்கீர்த்தனம் பற்றிக் கேட்டு எழுதினார். கூடாது என்று மட்டும் பதில் போட்டு முடிக்க ஃபாதருக்கு மனமில்லை. கடலோடிகளுக்கான ஸ்தெல்லா மாரிஸ் பணியில் இருக்கும் ஒருவரை விசாரித்து, அங்கே தமிழ் தெரிந்த ஒரு குருவின் எண்ணை வாங்கி அனுப்பினார். அந்தத் தம்பி போய் வந்தார். பிறகு அவர் தன் படகில் இருந்த மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து, எங்கள் ஆட்கள் தங்குகிற ஒவ்வொரு துறையிலும் தமிழில் பேசத் தெரிந்த ஒரு குருவையோ சிஸ்டரையோ தேடுகிறோம். மங்களூருக்கும் மால்பேக்கும் கிடைத்துவிட்டார்கள். கோவாவில் ஒருவர் ஞாயிறு மாலைகளில் மட்டும் வர முடியும் என்கிறார். ரத்னகிரிக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறோம். வெராவலுக்கும் போர்பந்தருக்கும் இன்னும் யாரும் அமையவில்லை. அங்கே யாரையாவது தெரிந்தவர்கள், உங்கள் பங்குத்தந்தை வழியாகக் கோட்டாறு கடற்கரைப் பங்குகள் எதற்காவது சொல்லி அனுப்பினால் போதும், எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும்.